இருக்கிறதே ஒரு வீடு, அது எப்படி 'செகண்ட் ஹோம்' ஆகும்? வேல்ஸ் கவுன்சில் டேக்ஸ் கதை

யு.கே.யில இருந்து நம்ம சேனலைப் பார்க்கிறவங்க அனுப்புற கேள்விகள்ல பெரும்பாலானவை மார்ட்கேஜ் வட்டி, ஸ்டாம்ப் டியூட்டி இந்த ரெண்டுக்குள்ள அடங்கிடும். போன மாசம் வந்த ஒரு மெயில் வேற மாதிரி. "அண்ணா, கவுன்சில்காரங்க பில்லைத் தப்பா போட்டிருக்காங்க. எங்ககிட்ட இருக்கிறதே ஒரு வீடு. அதுக்குப் போய் செகண்ட் ஹோம்னு சொல்லி டபுள் வரி கேக்கிறாங்க. எப்படி அப்பீல் பண்றது?"

எழுதினது மதுரைப் பக்கத்துப் பொண்ணு. கணவன் மனைவி ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி வேலை. வேல்ஸ்ல கடலோர ஊர் ஒண்ணுல சில வருஷம் இருந்து, அங்கேயே சொந்தமா ஒரு வீடும் வாங்கினாங்க. அப்புறம் கணவருக்கு இங்கிலாந்துல பர்மிங்காம் பக்கம் நல்ல வேலை கிடைச்சுது. குடும்பத்தோட அங்க போய் வாடகை வீட்டுல இருக்காங்க. வேல்ஸ் வீட்டை விக்க மனசு வரலை. கட்டில், சோபா எல்லாம் அப்படியே கிடக்கு. மாசத்துல ஒரு வாரக் கடைசி போய்ட்டு வருவாங்க. வருஷத்துக்கு சுமாரா 2,000 பவுண்ட் வந்துட்டிருந்த கவுன்சில் டேக்ஸ், இப்ப 4,000.

நானும் முதல்ல தப்பான பில்னுதான் நினைச்சேன். நான் நம்ம ஊர் சி.ஏ., யு.கே. வரி என் தினசரித் தொழில் இல்லை. சட்டத்தை எடுத்துப் படிச்ச பிறகுதான் தெரிஞ்சுது, பில் சரியாத்தான் இருக்கு.

சட்டத்துல 'செகண்ட் ஹோம்'ங்கிற வார்த்தையே முக்கியமில்லை. அது கேக்கிறது ரெண்டே கேள்வி. அந்த வீட்டை முதன்மை வசிப்பிடமா வச்சு யாராவது குடியிருக்காங்களா? வீட்டுல ஃபர்னிச்சர் பெருமளவு இருக்கா? ஆள் இல்லை, சாமான் இருக்குன்னா கூடுதல் வரி போடலாம். உங்க பேர்ல எத்தனை வீடு இருக்குங்கிறது அங்க கணக்கிலேயே வராது. பர்மிங்காம்ல இருக்கிறது வாடகை வீடுதான், ஆனா அதுதான் இவங்க வசிப்பிடம். சொந்த வீடு சட்டத்தின் பார்வையில ஆள் குடியில்லாத, சாமான் போட்ட வீடு.

இதைச் சொன்னதும் அவங்க அடுத்ததா கேட்டது இன்னும் நல்ல கேள்வி. "என் தோழி ஒருத்தி இங்கிலாந்துக்குள்ளேயே வேற ஊருக்கு மாறினா. அவளும் வீட்டை இப்படியேதான் வச்சிருந்தா. 2024 வரைக்கும் அவளுக்கு எந்தக் கூடுதல் வரியும் வரலையே?" வந்திருக்காது. ஏன்னா அந்த வீடு இருக்கிறது இங்கிலாந்துல. இந்த வரியைப் போடுற அதிகாரம் வேல்ஸ் சட்டமன்றத்துக்குத் தனியா போய்ச் சேர்ந்தது. அது போன கதை தெரிஞ்சா, யு.கே.யில எங்க வீடு வாங்கினா என்ன செலவுன்னு நீங்களே கணக்குப் போட்டுடலாம்.

லண்டன் கையிலிருந்து கார்டிஃப் கைக்கு

நம்ம ஊர்ல இதை விளக்கவே வேண்டாம். சொத்து வரியை வசூல் பண்றது மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து; அதுக்கான சட்டம் போடுறது மாநில சட்டசபை. பத்திரப்பதிவுல கட்டுற ஸ்டாம்ப் டியூட்டி விகிதமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பிரிட்டன்ல 1999 வரைக்கும் அப்படி இல்லை. கிரேட் பிரிட்டன் முழுக்க வரிச் சட்டம் போட்டது லண்டன்ல இருக்கிற வெஸ்ட்மின்ஸ்டர் பார்லிமென்ட் மட்டும்தான்.

அதோட விளைவை ஸ்காட்லாந்து மோசமா அனுபவிச்சுது. மார்கரெட் தாட்சர் ஆட்சியில வீட்டு மதிப்பை வச்சு போட்ட பழைய வரியை எடுத்துட்டு, தலைக்கு இவ்வளவுன்னு 'போல் டேக்ஸ்' கொண்டு வந்தாங்க. மாளிகையில இருக்கிறவரும் கவுன்சில் ஃபிளாட்ல இருக்கிறவரும் ஒரே ஊர்னா ஒரே தொகை. அதை 1989-ல முதல்ல ஸ்காட்லாந்துல அமல்படுத்தினாங்க, இங்கிலாந்து, வேல்ஸுக்கு ஒரு வருஷம் கழிச்சு 1990-ல. எங்களை வச்சு சோதனை பண்ணிப் பார்த்தாங்கன்னு ஸ்காட்லாந்துக்காரங்க இன்னிக்கும் சொல்வாங்க. 1990 மார்ச் 31 அன்னிக்கு லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்துல கலவரமே நடந்துச்சு. அந்த நவம்பர்ல தாட்சர் பதவி விலகினார். போல் டேக்ஸும் போச்சு, அதுக்குப் பதிலா 1993 ஏப்ரல் 1 முதல் வந்ததுதான் இந்தக் கவுன்சில் டேக்ஸ்.

1997-ல நடந்த வாக்கெடுப்புகளுக்குப் பிறகு ஸ்காட்லாந்துக்குப் பார்லிமென்ட், வேல்ஸுக்கு ஓர் அசெம்பிளி. இங்கதான் ஒரு பெரிய வித்தியாசம். ஸ்காட்லாந்துக்கான 1998 சட்டம் வரி விஷயங்களை வெஸ்ட்மின்ஸ்டர் கையிலேயே வச்சுக்கிட்டாலும், உள்ளாட்சிச் செலவுக்கான உள்ளூர் வரிகளுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்துச்சு. கவுன்சில் டேக்ஸ் பேரையே அங்க உதாரணமா எழுதியிருக்காங்க. ஹவுசிங்கும் ஸ்காட்லாந்துக்குத்தான். ஆக முதல் நாள்லேயே ரெண்டும் கைக்கு வந்துடுச்சு.

வேல்ஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆரம்பத்துல அந்த அசெம்பிளியால சொந்தமா சட்டமே போட முடியாது. லண்டன் போட்ட சட்டத்துக்குக் கீழ விதிகள் மட்டும் போடலாம். 2006-ல வந்த சட்டம் ஒரு விசித்திரமான வழியைக் கொடுத்துச்சு. எந்த விஷயத்துல சட்டம் போடணுமோ, அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அதிகாரம் கொடுங்கன்னு வெஸ்ட்மின்ஸ்டர்கிட்ட கேக்கணும். அங்க ஓர் உத்தரவு போட்டாதான் இங்க வேலையைத் தொடங்கலாம். ஒவ்வொரு செலவுக்கும் அப்பாகிட்ட காரணம் சொல்லி பாக்கெட் மணி வாங்குற காலேஜ் பையன் மாதிரி. கவுன்சில் வீட்டைக் குடியிருக்கிறவங்களுக்கே தள்ளுபடியில வித்துடுற 'ரைட் டு பை' திட்டத்தை நிறுத்தி வைக்க அதிகாரம் கேட்டப்போ பெரிய இழுபறி. நிறுத்தி வைக்கலாம், ஆனா ஒரேயடியா ஒழிக்கலாமா, அதுக்கு லண்டன் சம்மதம் வேணுமாங்கிறதுதான் சண்டை. கடைசியா 2010-ல ஹவுசிங், உள்ளாட்சி ரெண்டையும் சேர்த்து ஓர் உத்தரவு வந்துச்சு. 2011 மார்ச்ல நடந்த வாக்கெடுப்புல 63.5% பேர் ஆமாம்னு ஓட்டுப் போட்ட பிறகுதான், லண்டனைக் கேக்காம சட்டம் போடுற முழு அதிகாரம் வேல்ஸுக்கு வந்தது. அந்த அசெம்பிளிக்குத்தான் இப்ப 'செனெத்'னு பேர்.

அதிகாரம் கிடைச்சதும் என்ன பண்ணாங்க? 2014-லேயே ஹவுசிங் சட்டம். ஆள் இல்லாத வீட்டுக்கும் சாமான் போட்டு பூட்டி வச்ச வீட்டுக்கும் 2017 ஏப்ரல் முதல் 100% வரை கூடுதல் வரி போடலாம்னு கவுன்சில்களுக்கு அனுமதி. 2023 ஏப்ரல்ல அந்த உச்சவரம்பு 300% ஆச்சு. 'ரைட் டு பை'யை 2019 ஜனவரியோட அடியோட மூடிட்டாங்க. ஸ்காட்லாந்து அதை 2016-லேயே மூடிடுச்சு. இங்கிலாந்துல அது இன்னும் இருக்கு. கவுன்சில் டேக்ஸ் கட்டாதவரை ஜெயில்ல போடுற சட்டப் பிரிவை 2019 ஏப்ரல்ல வேல்ஸ் எடுத்துடுச்சு. இங்கிலாந்து எடுக்கலை.

இங்கிலாந்துக்கு செகண்ட் ஹோம் மேல கூடுதல் வரி வந்தது 2025 ஏப்ரல்லதான், அதுவும் அதிகபட்சம் 100%. நம்ம வாசகியோட தோழிக்கு 2024 வரை பில் ஏறாததுக்குக் காரணம் இதுதான்.

ஏன் இவ்வளவு கோபம்?

300% கேட்டா அநியாயம்னுதான் தோணும். 2,000 பவுண்ட் வரியோட மேல 6,000 சேர்ந்து 8,000. ஆனா அந்தப் பக்கத்தையும் பார்க்கணும்.

வடமேற்கு வேல்ஸ்ல க்வினெத்னு ஒரு கவுன்சில். அங்க அபர்சோக்னு ஒரு கடற்கரை கிராமம், இங்கிலாந்துப் பணக்காரங்களுக்கு விடுமுறை வீடுகளுக்காகவே பேர் போனது. உள்ளூர்ல வேலை பார்க்கிற இளவட்டத்தால அங்க வீடு வாங்க முடியாது. பிள்ளைங்க குறைஞ்சு, குறைஞ்சு, 2021 டிசம்பர்ல அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தையே மூடிட்டாங்க. அந்தப் பகுதி வெல்ஷ் மொழி இன்னும் தெருவுல பேசுற பகுதி. ஊர் காலியானா மொழியும் காலிங்கிற பயம் அவங்களுக்கு. இது புதுசும் இல்லை. 1979 கடைசியில தொடங்கி பல வருஷம் விடுமுறை வீடுகளுக்கு ரகசியமா தீ வச்ச ஒரு கும்பலே அங்க இருந்துச்சு. அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனா அந்தக் கோபம் கடைசியில சட்டமன்றம் வழியா வரி பில்லா மாறினது எவ்வளவோ மேல்.

க்வினெத் 2021-ல 100%, 2023-ல 150%னு ஏத்துச்சு. கிடைச்ச பணத்தை உள்ளூர் ஆட்களுக்கான வீட்டுத் திட்டத்துக்குச் செலவு பண்றாங்க. தெற்குல பெம்ப்ரோக்ஷயர் 2024-ல 200% போட்டுப் பார்த்துட்டு, அடுத்த வருஷமே 150%க்கு இறங்கி வந்துடுச்சு. கவனிங்க: செனெத் கொடுக்கிறது உச்சவரம்பு மட்டும்தான். எவ்வளவுன்னு முடிவு பண்றது அந்தந்த கவுன்சில், அதுவும் வருஷத்துக்கு வருஷம் மாறலாம். வேல்ஸ்ல வீடு பார்க்கிறவங்க முதல்ல பார்க்க வேண்டியது அந்த கவுன்சில் வெப்சைட்டைத்தான்.

வரி வந்தா ஓட்டையும் வருமே. வீட்டை டூரிஸ்ட்டுக்கு விடுறேன்னு சொல்லிட்டா அது வீடு இல்லை, வியாபாரம். கவுன்சில் டேக்ஸ்லேர்ந்து பிசினஸ் ரேட்ஸுக்கு மாறிடும். சின்ன வியாபாரச் சலுகையில பல பேருக்கு அங்க கட்ட வேண்டியது பூஜ்ஜியம். முன்னாடி வருஷத்துல 70 நாள் வாடகைக்கு விட்டா போதும். 2023 ஏப்ரல் முதல் 182 நாள். இது எனக்குக் கொஞ்சம் அதிகமாத்தான் படுது. சீசன் நாலு மாசம் மட்டுமே இருக்கிற ஊர்ல, தொழிலாவே இதைப் பண்ற உள்ளூர்க் குடும்பமும் இந்த வலையில மாட்டும். ஏமாத்துறவனைப் பிடிக்கப் போட்ட விதி, ஒழுங்கா தொழில் பண்றவன் கழுத்தையும் பிடிக்குது.

பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

இங்கிலாந்துலேர்ந்து செவர்ன் ஆத்துப் பாலத்தைத் தாண்டினா வேல்ஸ். பிரிஸ்டல்ல வேலை, செப்ஸ்டோல வீடுன்னு தினமும் போய் வர்ற நம்ம ஆட்களும் இருக்காங்க. வீடு வாங்கும்போது கட்டுற வரியும் இப்ப மூணு நாட்டுக்கு மூணு மாதிரி. இங்கிலாந்துல ஸ்டாம்ப் டியூட்டி; ஸ்காட்லாந்துல 2015 முதல், வேல்ஸ்ல 2018 முதல் தனித்தனி வரி.

300,000 பவுண்ட் வீடுன்னு வைங்க. ஏற்கெனவே இருந்த வீட்டை வித்துட்டு இதை வாங்குறவர் இங்கிலாந்துல 5,000 பவுண்ட் கட்டணும். வேல்ஸ்ல 225,000 வரைக்கும் வரியே இல்லை, மிச்சத்துக்கு 6%, ஆக 4,500. ஸ்காட்லாந்துல 4,600. பெரிய வித்தியாசம் இல்லையேன்னு நினைக்காதீங்க. வாழ்க்கையிலேயே முதல் வீடு வாங்குறவர்னா இங்கிலாந்துல பூஜ்ஜியம், ஸ்காட்லாந்துல 4,000, வேல்ஸ்ல அதே 4,500. முதல் வீட்டுச் சலுகைங்கிறதே வேல்ஸ்ல கிடையாது. எல்லாருக்கும் வரம்பை உசத்தி வச்சிருக்கோம்ங்கிறது அவங்க வாதம். யூடியூப்ல யாரோ 'யு.கே.யில முதல் வீட்டுக்கு ஸ்டாம்ப் டியூட்டி இல்லை'ன்னு சொன்னதை நம்பி கார்டிஃப்ல அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. கூடுதல் வீடா வாங்கினா இங்கிலாந்துல 20,000, வேல்ஸ்ல 19,950, ஸ்காட்லாந்துல 28,600.

இன்னொரு விஷயமும் இந்த அதிகாரத்தோட சேர்ந்து வந்தது. அதைப் பயன்படுத்துற தைரியம் எல்லாருக்கும் இல்லை. கவுன்சில் டேக்ஸ்ல வீடுகளை மதிப்பு வாரியா பேண்ட் பிரிச்சிருப்பாங்க. எந்த வருஷ மதிப்பு தெரியுமா? இங்கிலாந்துலயும் ஸ்காட்லாந்துலயும் இன்னிக்கும் 1991 ஏப்ரல் 1. போன வருஷம் கட்டின வீட்டுக்கும் '1991-ல இருந்திருந்தா என்ன விலை'ன்னு கற்பனை பண்ணித்தான் பேண்ட் போடுறாங்க. வேல்ஸ் மட்டும் துணிஞ்சு 2003 மதிப்பை எடுத்து 2005-ல மறுமதிப்பீடு பண்ணுச்சு. மூணுல ஒரு பங்கு வீடு மேல் பேண்டுக்குப் போச்சு, இறங்கினது பத்துல ஒண்ணுகூட இல்லை. மக்கள் கொதிச்சதைப் பார்த்து இங்கிலாந்து தன் மறுமதிப்பீட்டையே கைவிட்டுடுச்சு. வேல்ஸும் அடுத்த சுற்றை 2025-ல இருந்து 2028-க்குத் தள்ளிடுச்சு. ஸ்காட்லாந்து மறுமதிப்பீட்டைத் தொடவே இல்லை. 2017-ல மேல் நாலு பேண்டுக்கு மட்டும் விகிதத்தை ஏத்திட்டு, மத்தபடி வருஷக்கணக்கா வரியை உயர்த்தாம ஃப்ரீஸ் பண்ணி வச்சுது. ஃப்ரீஸ்னா இலவசம்னு அர்த்தமில்லை. கவுன்சிலுக்குக் குறையுற பணத்தை எடின்பரோ அரசு வேற பட்ஜெட்லேர்ந்துதான் எடுத்துக் கொடுக்கணும்.

சரி, அந்தக் குடும்பம் என்ன பண்ணலாம்?

அப்பீல் பண்ணி பிரயோஜனம் இல்லைன்னு ஆச்சு. வழி இருக்கான்னு பார்த்தோம்.

சாமானை எல்லாம் எடுத்துடலாம்னு கணவர் சொன்னார். காலி வீட்டுக்கு வேல்ஸ்ல ஆறு மாசம் வரை விலக்கு உண்டு. ஆனா ஒரு வருஷம் காலியா இருந்தா 'நெடுநாள் காலி வீடு'ங்கிற பேர்ல மறுபடி கூடுதல் வரி. தள்ளிப் போடலாம், தப்பிக்க முடியாது.

வாடகைக்கு விட்டா கவுன்சில் டேக்ஸைக் குடியிருக்கிறவர் கட்டுவார். ஆனா வேல்ஸ்ல வீட்டுக்காரர் ரென்ட் ஸ்மார்ட் வேல்ஸ்ல பதிவு பண்ணணும். தானே நிர்வாகம் பண்ணினா லைசென்ஸும் வேணும். காரணம் சொல்லாம காலி பண்ணச் சொல்ல ஆறு மாச நோட்டீஸ். இதுவும் செனெத் போட்ட சட்டம்தான், 2022 டிசம்பர்ல அமலுக்கு வந்தது. இங்கிலாந்து 2026 மே 1 முதல் காரணமில்லாம காலி பண்ணச் சொல்றதையே எடுத்துடுது. பர்மிங்காம்ல உக்காந்துட்டு தூரத்து வீட்டை மேய்க்க அவங்களுக்கு நேரமில்லை.

மூணாவது, விற்பனை. வீட்டை நியாயமான விலைக்கு மார்க்கெட்ல போட்டா, ஒரு வருஷம் வரை கூடுதல் வரி கிடையாது. சாதாரண வரி மட்டும் கட்டணும். வாடகைக்குன்னு விளம்பரம் பண்ணினாலும் இதே ஒரு வருஷம் உண்டு.

நான் அவங்களை யோசிக்க வச்சது வேற கணக்கு. அவங்க பர்மிங்காம் பக்கம் வீடு வாங்கப் பார்த்துட்டிருந்தாங்க, சுமார் 300,000-க்கு. வேல்ஸ் வீடு கையில இருக்கிற வரைக்கும் இங்கிலாந்து வீடு 'கூடுதல் வீடு'. 5,000-க்குப் பதிலா 20,000. பழைய வீட்டை மூணு வருஷத்துக்குள்ள வித்தா அந்த 15,000-ஐத் திரும்பக் கேக்கலாம். அதுக்கு, புது வீடு வாங்குறதுக்கு முந்தின மூணு வருஷத்துக்குள்ள பழைய வீடு அவங்க முதன்மை வசிப்பிடமா இருந்திருக்கணும். கேபிடல் கெயின்ஸ் டேக்ஸ் செனெத் கைக்குப் போகலை, அது யு.கே. முழுக்க ஒண்ணுதான், அவங்க குடியிருந்த காலமும் கடைசி ஒன்பது மாசமும் அதுல விலக்கு. தள்ளத் தள்ள விலக்கு இல்லாத மாசங்கள் கூடும்.

போன வாரம் மெயில் வந்தது. ஏஜென்ட்கிட்ட கொடுத்துட்டாங்களாம். விளம்பரம் வந்த தேதியோட ஆதாரத்தைக் கவுன்சிலுக்கு அனுப்பி, அந்தத் தேதியிலேர்ந்து கூடுதல் வரியை நிறுத்தச் சொல்லி எழுதியிருக்காங்க. அதுக்கு முந்தின மாசங்களுக்கான பிரீமியம் கட்டித்தான் ஆகணும். அதைத் தவணையா கட்ட அனுமதி கேட்டிருக்காங்க, பதில் இன்னும் வரலை.